கணக்கில் வராத மடைகள்

தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறைக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைச் செயலர் அவர்களுக்கும், அரசுக்காகக் கம்ப்யூட்டர் வாங்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகள் அனைவருக்கும் வணக்கம்.

நான் பாளையங்கோட்டையில் 1999-லிருந்து கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்து வருகிறேன். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம் என்று டூல்ஸ் பையை மாட்டிக்கொண்டு நான் பைக்கில் போகாத ஊர் இந்தப் பக்கம் இல்லை. இ-சேவை மையம், பள்ளிக்கூடம், அரிசி மில், கிளினிக், கூட்டுறவுச் சங்கம் என்று எல்லா இடத்துக் கம்ப்யூட்டரையும் கழற்றி மாட்டியிருக்கிறேன். அரசு வாங்கும் கம்ப்யூட்டருக்குள் என்னென்ன இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள் என்பதுதான் உங்களிடம் என் கோரிக்கை. அதற்கு முன்னால், கண்ணால் கண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு, ஆற்றங்கரையோர ஊர் ஒன்றில் இருக்கும் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து கூப்பிட்டார்கள். "அண்ணாச்சி, சிஸ்டம் எல்லாம் ஆமை மாதிரி ஊர்ந்துக்கிட்டு கெடக்கு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க" என்றார் செயலாளர். வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத 12 கம்ப்யூட்டர்கள். முதல் மெஷினில் உட்கார்ந்து, எப்போதும் செய்வதுபோலக் கறுப்புத் திரையைத் திறந்து 'நெட் யூசர்' என்று அடித்தேன். அந்தக் கம்ப்யூட்டரில் யார் யார் பெயரில் கணக்கு இருக்கிறது என்று அது காட்டிவிடும். சங்கத்து ஊழியர் பெயர் இருந்தது. விண்டோஸ் தானாக வைக்கிற கணக்குகள் இருந்தன. இவற்றுக்கு நடுவில், யாரும் எனக்குச் சொல்லாத ஒரு பெயரும் இருந்தது. லாகின் திரையில் அந்தப் பெயர் வருவதே இல்லை. மேலும் தோண்டினால், அதற்கு முழு அட்மின் அதிகாரம். பாஸ்வேர்டுக்குக் காலாவதியே கிடையாது. அடுத்த மெஷினில் போய்ப் பார்த்தேன், அதே பெயர். பன்னிரண்டிலும் அதே பெயர்.

சப்ளை செய்தவருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். "அது ஒண்ணுமில்ல அண்ணாச்சி, சர்வீஸுக்கு வசதியா இருக்கட்டும்னு நாங்க வச்சது. கோஸ்ட் போடும்போதே அதுவும் சேந்து வந்துரும்" என்றார். ஒரு மெஷினில் தயார் செய்ததை அப்படியே நகலெடுத்து மற்ற மெஷின்களில் ஏற்றுவதுதான் கோஸ்ட், அந்த நகலுக்கு இமேஜ் என்று பெயர். எத்தனை இடத்துக்கு அந்த இமேஜைப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். சப்ளை செய்கிற எல்லா இடத்துக்கும் அதே இமேஜ்தானாம். பாஸ்வேர்டும் ஒன்றுதானா என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "ஆமா" என்றார்.

அவர் திருடர் இல்லை. எனக்கு அவரைப் பல வருடமாகத் தெரியும், நேர்மையாகத் தொழில் செய்கிறவர். ஆனால் அந்தச் சங்கத்தில் எத்தனையோ விவசாயிகளின் நகைக்கடன் கணக்கும், பயிர்க்கடன் கணக்கும், ஆதார் நகலும் அந்தப் பன்னிரண்டு பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அவரிடம் வேலை பார்த்துக் கோபித்துக்கொண்டு போன பையன் ஒருவன் போதும், அந்த ஒரு பாஸ்வேர்டு எங்கே வேண்டுமானாலும் போய்விடும். செயலாளரிடம் பில்லை வாங்கிப் பார்த்தேன். சிபியு, மானிட்டர், கீபோர்டு, யுபிஎஸ், மவுஸ் பேட் வரைக்கும் எண்ணி எழுதியிருந்தது. அந்தக் கணக்கைப் பற்றி ஒரு வரி இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு குளத்துக்கு எத்தனை மடை, எந்த மடைத் தண்ணீர் எந்த வயலுக்குப் பாயும் என்பது ஊருக்கே தெரியும், கிராமக் கணக்கிலும் இருக்கும். வெள்ளம் வருகிற ராத்திரியில் எதை அடைக்க வேண்டும், எதைத் திறக்க வேண்டும் என்று ஆள் இருப்பதும் அதனால்தான். கணக்கில் வராத மடை ஒன்று கரைக்குள் இருக்கிறதென்று வையுங்கள். வைத்தவர் நல்லவரா கெட்டவரா என்பது பிறகு பேச வேண்டிய பேச்சு. அந்த மடைக்குக் காவல் யார்? இருப்பதே தெரியாத ஒன்றை எவர் அடைப்பார்? அரசு அலுவலக மேசையில் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் பற்றி என் கவலை இதுதான்.

மேலே சொன்னது சப்ளையர் வைத்த மடை. அதற்கும் கீழே, விண்டோஸ் போன்ற இயங்குதளத்தையும் மற்ற மென்பொருளையும் சிப்பையும் செய்த கம்பெனியே எங்கும் எழுதாமல் வைத்திருப்பவை உண்டு. இதை நான் முதன்முதலில் உணர்ந்தது தொழிலுக்கு வந்த புதிதில். பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் எக்செல் 97 படித்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் மாலையில் வாத்தியார், "எல்லாரும் இங்க வாங்கடே" என்று கூப்பிட்டு, காலி ஷீட் ஒன்றைத் திறந்தார். எஃப்5 அழுத்தி ஒரு வரிசை எண்ணை அடித்தார், டேப் அழுத்தினார், கண்ட்ரோலையும் ஷிஃப்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சார்ட் பட்டனைத் தட்டினார். கட்டம் கட்டமாக இருந்த ஷீட் மறைந்துபோய், திரை முழுக்க மேடும் பள்ளமுமாக ஒரு நிலம் விரிந்தது. மவுஸை நகர்த்தினால் அதன்மேல் பறக்கலாம். பறந்துகொண்டே போனால் எக்செல்லை எழுதியவர்களின் பெயர்கள் ஒரு கல்லில் ஓடும். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கணக்கு எழுதத் தந்த மென்பொருளுக்குள் விமானம் ஓட்டுகிற நிரல் ஒன்று முழுதாக ஒளிந்திருந்திருக்கிறது. உலகத்தில் உள்ள பேங்குகளும் அரசாங்கங்களும் அதை வாங்கிப் போட்டு, அதில் சம்பளக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தன. விளையாட்டுக்காக இவ்வளவு பெரியதை ஒளிக்க முடியுமென்றால் வேறு எதைத்தான் ஒளிக்க முடியாது? பின்னாட்களில் மைக்ரோசாஃப்ட் இப்படி ஒளித்து வைப்பதைத் தன் பொறியாளர்களுக்குத் தடை செய்துவிட்டது. வாங்குகிறவனுக்குத் தெரியாத எதுவும் உள்ளே இருந்தால் நம்பிக்கை போய்விடும் என்பது அவர்களுக்கே புரிந்ததால்தான்.

எழுதப்படாததெல்லாம் சதி என்று நான் சொல்லவில்லை. தொழிலில் இருப்பவனுக்கு அது தெரியும். அடுத்த பதிப்பில் மாறப்போகிற உள்வேலையை ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தால், பிறகு அதை மாற்ற முடியாது என்று கம்பெனிகள் எழுதாமல் விடுவதுண்டு. சோதனைக்கு வைத்ததை எடுக்க மறந்துவிடுவதும் உண்டு. 2025 மார்ச்சில், உலகம் முழுக்கச் சின்னச் சின்னக் கருவிகளில் இருக்கும் இஎஸ்பி32 என்ற சிப்பில், எங்கும் எழுதப்படாத 29 கட்டளைகள் இருப்பதாக டார்லாஜிக் என்ற ஸ்பெயின் நிறுவனம் சொன்னது. முதலில் அதைக் கள்ளவாசல் என்றே அறிவித்தார்கள். சில நாளில், மறைந்திருக்கும் வசதி என்று சொல்வதுதான் சரி எனத் திருத்திக்கொண்டார்கள். தொலைவில் இருந்து நேராக அதன் வழியே நுழைந்துவிட முடியாது. இவ்வளவு களேபரமும் அந்த 29 வரியை முன்பே ஓர் ஏட்டில் எழுதி வைத்திருந்தால் நடந்திருக்காது.

அதைவிடப் பழைய கதை ஒன்று. 1999-இல் ஆண்ட்ரூ ஃபெர்னாண்டஸ் என்பவர் விண்டோஸ் என்டி-யின் ஒரு சர்வீஸ் பேக்கை, அதாவது திருத்தத் தொகுப்பை, ஆராய்ந்தபோது, உள்ளே இருந்த குறியீட்டுச் சாவி ஒன்றின் பெயர் 'என்எஸ்ஏ கீ' என்று இருப்பதைப் பார்த்தார். என்எஸ்ஏ என்பது அமெரிக்காவின் உளவு நிறுவனம். அது மாற்றுச் சாவி மட்டுமே, ஏற்றுமதிச் சட்டத்துக்காக அந்த நிறுவனம் சரிபார்ப்பதால் அந்தப் பெயர் வந்தது, சாவி எங்களிடம்தான் இருக்கிறது என்று மைக்ரோசாஃப்ட் விளக்கம் சொன்னது. அதைத் தவறாகப் பயன்படுத்தியதற்கு இதுவரை ஒரு சான்றும் இல்லை. இருந்தும் இத்தனை வருடமாகச் சந்தேகம் தீரவில்லை. மாட்டிக்கொண்ட பிறகு சொல்லும் விளக்கத்துக்கு மதிப்பு அவ்வளவுதான்.

சந்தேகத்தோடு நிற்காமல், ஆபத்தாகவே முடிந்தது ஒன்று உண்டு. 2023-இல் ரஷ்யாவைச் சேர்ந்த காஸ்பர்ஸ்கி நிறுவனம், தன் ஊழியர்களின் ஐபோன்களுக்குள்ளேயே ஒற்று மென்பொருள் இருப்பதைக் கண்டுபிடித்தது. ஒரு செய்தி வந்து விழுந்தாலே போதும், எதையும் தொடாமலேயே போன் அடுத்தவர் கைக்குப் போய்விடும். ஆப்பிள் தன் சிப்பில் வைத்திருந்த நினைவகப் பாதுகாப்பை எப்படித் தாண்டினார்கள் என்று மாதக்கணக்கில் தோண்டியபோதுதான் தெரிந்தது: சிப்பில், எந்த ஏட்டிலும் இல்லாத, இயங்குதளமே பயன்படுத்தாத சில பதிவேட்டு முகவரிகள், அதாவது சிப்புக்குக் கட்டளை எழுதும் இடங்கள், இருந்தன. அவற்றில் எழுதினால் காவல் விலகிவிடும். கம்பெனிக்கு வெளியே இருந்த ஒருவருக்கு அது எப்படித் தெரிந்தது என்பதற்கு விடை இல்லை. எழுதாமல் வைத்தால் எவருக்கும் தெரியாது என்ற வாதம் அங்கே உடைந்துபோயிற்று. இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் இதைக் கண்டுபிடித்தது போனைத் திறந்து பார்த்து அல்ல. தங்கள் அலுவலக வைஃபையில் எது எங்கே போகிறது என்று தொடர்ந்து பார்த்து வந்ததால்தான் கண்ணில் பட்டது. அவர்களுக்கு மடைக்காவல் என்று ஒன்று இருந்தது.

இப்போது நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இன்டெல் கம்ப்யூட்டர்களில் பிராசஸருக்குப் பக்கத்திலேயே இன்னொரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. மேனேஜ்மென்ட் எஞ்சின் என்று பெயர். 2008-க்குப் பிறகு வந்த ஏறத்தாழ எல்லா இன்டெல் போர்டிலும் அது உண்டு. நாம் விண்டோஸ் போட்டாலும் லினக்ஸ் போட்டாலும் அதற்குக் கவலையில்லை, அது தனியாக ஓடும். கம்ப்யூட்டரை அணைத்து வைத்தாலும், பிளக்கில் கரண்ட் இருந்தால் அது விழித்துக்கொண்டிருக்கும். அதற்குள் ஓடுவது மினிக்ஸ் என்ற இயங்குதளம் என்பது 2017-இல் வெளியே வந்தது. மினிக்ஸை எழுதிய பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாமுக்கே அது தெரிந்திருக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அவர் இன்டெல்லுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். அதே ஆண்டு மே மாதம், அலுவலகக் கம்ப்யூட்டர்களைத் தொலைவில் இருந்து நிர்வகிக்க அதில் வைத்திருந்த வசதியில், பாஸ்வேர்டு இடத்தில் காலியான பதில் போனாலும் உள்ளே விட்டுவிடும் ஓட்டை தெரியவந்தது.

ஆகஸ்டில் பாசிட்டிவ் டெக்னாலஜிஸ் நிறுவனத்து ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். அந்த எஞ்சினின் பெரும்பகுதியை அணைத்து வைக்க எங்கும் எழுதப்படாத ஒரு சுவிட்ச் உள்ளேயே இருந்தது. அமெரிக்க அரசின் உயர்பாதுகாப்புத் திட்டம் ஒன்றுக்காக, கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் அதை வைத்தோம் என்று இன்டெல் ஒப்புக்கொண்டது.

கேட்டுக்கொண்டதன் பேரில். இந்தச் சொல்லைப் படித்தபோது எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பெரிய வாடிக்கையாளர்கள் கேட்டார்கள், அவர்களுக்குக் கொடுத்தார்கள். காசு கொடுத்து அதே பெட்டியை வாங்குகிற நமக்கு, அப்படி ஒரு சுவிட்ச் இருப்பதே தெரியவில்லை. நாம் கேட்கவும் இல்லை.

கேட்டால் எழுதுவார்கள் என்பதற்கு இன்னொரு சாட்சியும் இருக்கிறது. விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலையில். அது என்னென்ன தகவலை மைக்ரோசாஃப்டுக்கு அனுப்புகிறது என்ற முழுப் பட்டியல் அப்போது வெளியே யாரிடமும் இருக்கவில்லை. 2016-இல் பிரான்ஸ் நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் எழுத்துப்பூர்வமாக நோட்டீஸ் கொடுத்தது. 2017 ஏப்ரலில், அடிப்படை நிலையில் என்னென்ன திரட்டுகிறோம் என்ற பட்டியலை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அதே மென்பொருள்தான் நம் தாலுகா அலுவலகத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. நமக்காக அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் பாரிஸில் இருந்தார்கள்.

எங்கள் மாவட்டத்துக்கு இதில் தனிக் கவலை உண்டு. ராதாபுரம் தாலுகாவில்தான் கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கிறது. 2019 செப்டம்பர் 4 அன்று அங்கே ஒரு கம்ப்யூட்டரில் தீநிரல் இருப்பதைக் கவனித்து, கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் தெரிவித்தது. அக்டோபர் 29 அன்று நிலையத்தின் தரப்பில் மறுத்தார்கள். மறுநாள் இந்திய அணுமின் கழகம் அது உண்மைதான் என்று அறிக்கை விட்டது. இணையத்தோடு இணைந்திருந்த நிர்வாகப் பணிக் கம்ப்யூட்டர் அது, உலையைக் கட்டுப்படுத்தும் அமைப்பு தனியாக இருக்கிறது, அதற்குப் பாதிப்பில்லை என்று விளக்கினார்கள். அது வெளியே இருந்து வந்த தீநிரல், எழுதப்படாத வசதி என்ற இந்தக் கதையில் சேராது. ஆனாலும் அந்த வாரம் கூடங்குளம் பக்கம் சர்வீஸுக்குப் போனபோது டீக்கடையில் ஒரு பெரியவர், "ஏலே, நீ கம்ப்யூட்டர்க்காரன்தானே, அதுக்குள்ள என்னதான்டே இருக்கு?" என்று கேட்டார். என்னால் முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும், மூலநிரலை யாரும் திறந்து பார்க்கக்கூடிய லினக்ஸுக்கு மாற்றிவிடலாமே என்பார்கள். எனக்கும் அதில் விருப்பம் உண்டு. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் செய்த பாஸ் லினக்ஸ் இருக்கிறது. பக்கத்தில் கேரளத்துப் பள்ளிக்கூடங்கள் பல வருடமாக லினக்ஸில்தான் ஓடுகின்றன. ஆனால் மாற்றிவிட்டாலே தீர்ந்தது என்று சொன்னால் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். 2024-இல் ஃபைலைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சின்ன மென்பொருளில், இரண்டு வருடம் நல்ல பிள்ளையாக உழைத்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர், லினக்ஸ் சர்வர்களுக்குள் நுழையக் கள்ளவாசல் வைத்தார். ஆண்ட்ரஸ் ஃபிராயண்ட் என்ற பொறியாளர் லாகின் ஆக அரை வினாடி கூடுதலாவதைப் பார்த்து, விடாமல் துரத்திப் பிடித்து, மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். மூலநிரல் திறந்திருந்ததால் அவரால் துரத்த முடிந்தது. அந்த வித்தியாசம் பெரியதுதான். அதற்கும் பார்க்கிற கண் ஒன்று வேண்டும்.

எனவே என் கோரிக்கை இயங்குதளத்தின் பெயரைப் பற்றியது அல்ல. 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்த அரசு இது. அதற்கு முன்பும் லட்சக்கணக்கில் லேப்டாப் வாங்கிக் கொடுத்த மாநிலம். இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் கேட்டால் எந்தக் கம்பெனியும் காது கொடுக்கும். அரசுக்காகக் கம்ப்யூட்டர் வாங்கும் எல்காட் நிறுவனம் போடும் டெண்டரில், மாவட்டத்தில் வாங்கும் பத்து கம்ப்யூட்டருக்கான கொட்டேஷனிலும்கூட, ஒரு நிபந்தனையைச் சேருங்கள். இந்தப் பெட்டியில் எந்தெந்தப் பெயரில் கணக்கு இருக்கிறது, பின்னணியில் எந்தெந்த சர்வீஸ் ஓடுகிறது, எந்த போர்ட், அதாவது நெட்வொர்க் வழியாக உள்ளே வரும் வாசல், திறந்திருக்கிறது, யாரும் தொடாமல் இருக்கும்போது அது எந்த முகவரிகளோடு பேசுகிறது, தொலைவில் இருந்து நிர்வகிக்கும் வசதி இருக்கிறதா, இருந்தால் அணைத்திருக்கிறதா என்று சப்ளையர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். கம்பெனி வைத்ததைக் கம்பெனியிடம் இருந்து வாங்கித் தரட்டும், தான் வைத்ததைத் தானே எழுதட்டும். அந்தப் பட்டியலில் இல்லாதது பிறகு அகப்பட்டால், உடைந்த மானிட்டரைத் திருப்பி அனுப்புவதுபோல் அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்ப அலுவலருக்கு உரிமை வேண்டும். ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் எத்தனை ஜிபி என்று எவ்வளவு கறாராகக் கேட்கிறோமோ, அதே கறார் இதற்கும் வேண்டும்.

எழுதித் தந்ததை அப்படியே நம்ப வேண்டியதும் இல்லை. ஒவ்வொரு லாட்டிலும் ஒரு பெட்டியை எடுத்து, நம் அரசு பொறியியல் கல்லூரியிலோ அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ ஒரு மேசையில் 30 நாள் சும்மா ஓடவிடுங்கள். அது யாரோடு பேசுகிறது என்று பிள்ளைகள் வயரில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளட்டும். பெரிய செலவு இல்லை, ஒரு சாதாரண சுவிட்சும் இலவச மென்பொருளும் போதும். பிள்ளைகளுக்கும் உருப்படியான புராஜெக்ட் கிடைத்த மாதிரி இருக்கும்.

இதில் எங்கள் தொழில்காரர்கள் பக்கமும் தப்பு இருக்கிறது, அதை மறைத்துவிட்டு உங்களிடம் மட்டும் கேட்பது முறையில்லை. "ஒரிஜினல்லாம் எதுக்கு அண்ணாச்சி, சும்மா போட்டுக் குடுங்க" என்று வாடிக்கையாளர் சொல்வார். காசு கட்டாமலேயே விண்டோஸை ஓடவைக்கும் ஆக்டிவேட்டரைக் கடைக்காரர்கள் போட்டுக் கொடுப்பார்கள். அந்த ஆக்டிவேட்டர் எங்கிருந்து வந்தது, ஆன்டிவைரஸை ஏன் அணைக்கச் சொல்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நானும் ஆரம்ப காலத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒரு பள்ளிக்கூடத்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதன் வழியாக வந்த ஒன்று மார்க் பட்டியலையெல்லாம் பூட்டிப்போட்டதை நேரில் பார்த்த அன்றோடு நிறுத்திவிட்டேன். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டதால், பழைய பெட்டியில் புதியதை எப்படியாவது ஏற்றிவிட வேண்டும் என்ற அவசரத்தில் இந்த வேலை இப்போது இன்னும் கூடிவிட்டது. கடைகளுக்கும் ஓர் உத்தரவு போட்டால் நாங்கள் கட்டுப்படுவோம். குறைந்தது அரசு அலுவலகத்துக் கம்ப்யூட்டரைத் தொடுகிற எவரும், தான் என்ன போட்டார், என்ன எடுத்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்று வையுங்கள்.

அந்தக் கூட்டுறவுச் சங்கத்தில், செயலாளர் சம்மதத்தோடு, அன்றைக்கே பன்னிரண்டிலும் அந்தக் கணக்கை நீக்கிவிட்டேன். பிறகு ஒவ்வொரு மெஷினிலும் என்ன கணக்கு, என்ன சர்வீஸ், எந்த போர்ட் என்று ஒரு நீள நோட்டில் எழுதி, சங்கத்து முத்திரை வைத்து, பீரோவில் பில்லோடு சேர்த்து வைத்துவிட்டு வந்தோம். எழுதி முடிக்க ஒன்றரை நாள் ஆயிற்று. இரண்டாவது மெஷினில் இருந்து செயலாளரே எழுத ஆரம்பித்துவிட்டார், நான் திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அந்த நோட்டின் நகல் ஒன்று என் கடையில் இருக்கிறது. சங்கத்தின் பெயரை மறைத்துவிட்டு, மாதிரிக்காக அதை உங்கள் துறையில் யாரிடம் கொண்டுவந்து தர வேண்டும் என்று சொல்லுங்கள். செயலாளரிடம் கேட்டுவிட்டேன், அவருக்கும் சம்மதம். என் செலவிலேயே வண்டி ஏறி வருகிறேன்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பவன்,
பாளையங்கோட்டை